கீறல் முட்டை பாதி விலை

முட்டைக் கடை வெச்சிருக்கறவளை இந்த ஊர்ல யாரும் வியாபாரின்னு நினைக்கறதில்ல, விலையை ஏத்தி விடற ஆளுன்னுதான் நினைக்கறாங்க.

கிரிவலப் பாதையிலேர்ந்து உள்ள திரும்பற தெருவுல பதினாலு வருஷமா என் கடை. விலையை நான் வெக்கறதே இல்ல. காலையில போன்ல மெசேஜ் வரும், இன்னைக்கு நாமக்கல் விலை இவ்வளவுன்னு. அதுமேல மண்டிக்காரர் கொஞ்சம் வெப்பார். அதுமேல நான் முப்பது, நாப்பது காசு வெப்பேன். அந்த முப்பது காசுலதான் வாடகை, கரண்டு, உடைஞ்சு ஒழுகிப் போற முட்டை எல்லாம். ஆனா ஆறு ரூபா முட்டை எட்டு ரூபா ஆனா திட்டு வாங்கறது நான். மளிகையோ, பாலோ, காய்கறியோ, கல்லாவுக்குப் பின்னால உக்காந்து வாங்கிக் கட்டிக்கற கூட்டம் நீங்களும்னா மேல படிங்க. வயித்தெரிச்சலை ஆளுக்குக் கொஞ்சமா பங்கு போட்டுக்கலாம்.

ஒரு முட்டை, ரெண்டு பேர்

லோடு வந்ததும் என் முதல் வேலை கீறல் பாக்கறது. கையில ரெண்டு முட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு லேசா தட்டுவேன். நல்ல முட்டைன்னா கணீர்னு கேக்கும். மேல் ஓட்டுல மயிரிழை விரிசல் விழுந்திருந்தா சத்தம் சொத்துன்னு வரும். உள் தோல் கிழியாத வரைக்கும் அது நல்ல முட்டைதான், அன்னைக்கே சமைச்சிடணும், அவ்வளவுதான். அதையெல்லாம் தனியா ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு பாதி விலைக்குக் குடுத்துடுவேன். ஒரு லோடுக்கு எட்டோ பத்தோ தேறும்.

அந்த டப்பாவுக்கு ரெண்டு வருஷமா முதல் ஆளு தேவகி. ஆசிரமம் பக்கத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல ரூம் கூட்டி, பாத்ரூம் கழுவற பொண்ணு. அவ வீட்டுக்காரருக்குக் கிட்னி போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் டயாலிசிஸ். தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு தப்பாம குடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். முழு விலைக்கு ரெண்டு வாங்கறது அவ சம்பளத்துக்குத் தாங்காது, அதனால தினம் காலையில வந்து ரெண்டு கீறல் வாங்கிட்டுப் போவா. நான் வேற ஆளைக் கவனிச்சிட்டு இருந்தா சும்மா நிக்க மாட்டா, முட்டை அட்டையை இழுத்து வெச்சு எனக்குத் தட்டிப் பாத்துக் குடுப்பா. மஞ்சக்கருவை நீ என்ன பண்றேன்னு ஒரு நாள் கேட்டேன்.

"வெள்ள அவருக்கு, மஞ்ச எனக்கு. ஒரு முட்டையில ரெண்டு பேரு சாப்புடறோம்க்கா, நீங்க வேற!"

பெரிய கடை ஆஃபர்

விலை ஏற ஆரம்பிச்சதும் ஜனங்க முட்டை வாங்கற இடமே மாறிப்போச்சு. ஸ்பீக்கர் கட்டின ஆட்டோவுல வாங்கறாங்க, கீழ்பென்னாத்தூர் பஸ்ல கூடையோட வந்து இறங்கற அம்மாகிட்ட நாட்டு முட்டை வாங்கறாங்க, ஏசி போட்ட பெரிய கடையில வாங்கறாங்க. வாங்கட்டும், நான் யாரு கையையும் பிடிச்சு இழுக்கல.

ஆனா இதைக் கேளுங்க. எங்க தெருவுலயே நாலு வீடு தள்ளி இருக்கற டீச்சரம்மா. ரெண்டு மாசமா என் கடைப்பக்கம் தலை வெச்சுப் படுக்கல. திடீர்னு ஒரு நாள் அட்டைப் பெட்டியோட வந்தாங்க. பெரிய கடையில ஆஃபர்ல வாங்கினதாம், வீட்டுக்கு வந்து திறந்து பாத்தா மூணு முட்டை நொறுங்கிக் கிடக்காம். அங்க மாத்தித் தர மாட்டாங்களாம். நான் மாத்தித் தரணுமாம்! எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "எங்கிட்ட வாங்கின முட்டையா இது டீச்சர்?"னு கேட்டேன். மூஞ்சி கொஞ்சம்கூட மாறல அவங்களுக்கு.

"பத்து வருஷமா உங்கிட்ட வாங்கியிருக்கேன், அந்த நன்றி வேணாம்?"

சாமி பேரைச் சொல்லி

பௌர்ணமின்னா எங்க தெரு முனையிலேயே ஜனம் நெரியும். போன பௌர்ணமிக்கு சாயங்காலம் ஒரு கும்பல், நெத்தி நிறைய விபூதி. அதுல ஒருத்தர் கடைக்குள்ள எட்டிப் பாத்து, "ஏம்மா, மலையைச் சுத்தப் போறோம், இதையெல்லாம் கொஞ்சம் மூடி வெக்கக் கூடாதா?"ன்னார். சரி, சாமி விஷயம்னு பழைய போர்வையை எடுத்து அட்டைங்க மேல போட்டேன். அன்னைக்கு வியாபாரமும் அதோட மூடிக்கிச்சு.

மறுநாள் காலையில கடையைத் திறந்தா அதே ஆளு. அதே விபூதி, வேர்வையில பாதி அழிஞ்சிருக்கு. ஊருக்குப் போற வழியில வேன்ல சமைச்சுக்குவாங்களாம், ஒரு அட்டை வேணுமாம். விலையைச் சொன்னேன்.

"எட்டு ரூபாவா? சாமி பேரைச் சொல்லிக் கொள்ளையடிக்கறீங்களேம்மா!"

கீறலுக்குப் போட்டி

முழு முட்டை எட்டு, கீறல் நாலுன்னு ஆனதும் என் பிளாஸ்டிக் டப்பாவுக்கு வந்த வாழ்வைப் பாக்கணுமே! அதுவரைக்கும் அதைத் திரும்பிக்கூடப் பாக்காதவங்க எல்லாம் கடைக்குள்ள நுழையும்போதே, "கீறல் இருக்கா?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. வேங்கிக்கால்லேர்ந்து ஒரு ரிட்டயர்டு சார் தினம் கார்ல வருவார். அங்க ரெண்டு மாடி வீடு, மேல்மாடி வாடகைக்கு விட்டிருக்கார். அவரும் கேட்டார். தேவகிக்கு ரெண்டை எடுத்து மறைச்சு வெச்சுட்டுத்தான் டப்பாவை வெளிய வெப்பேன்.

இன்னொரு கூத்து. எட்டு, பத்துன்னு வந்துட்டிருந்த கீறல், பன்னெண்டு, பதினாலுன்னு ஏறிப் போச்சு. காலையில தட்டிப் பாத்து நல்லதுன்னு அடுக்கின அட்டையில, பத்து மணிக்குப் பாத்தா நாலு கீறல் இருக்கும். அத்தனையும் என் கையை விட்டுப் போற காசு. லோடு கொண்டு வர்ற வேன் டிரைவரைப் பிடிச்சு, ரோட்டுப் பள்ளத்துல எல்லாம் குதிச்சுக் குதிச்சு ஓட்டறியான்னு கத்தினேன். அவன் ஒரு அட்டையை என் முன்னாலயே வெச்சு ஒவ்வொண்ணா தட்டிக் காட்டினான். ஒண்ணுகூட கீறல் இல்ல.

"நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருக்குது. உன் கடைக்குள்ள யாரு கைய வெக்கறாங்கன்னு பாரு மொதல்ல."

நகத்தைக் காட்டு

அந்த வார்த்தை காதுலயே நின்னுடுச்சு. யாரு கையை வெக்கறாங்க? தினம் என் அட்டையை இழுத்து வெச்சுத் தட்டறது யாரு? தேவகிதான். கீறல் ஜாஸ்தியானா யாருக்கு லாபம்? அவளுக்குத்தான். ரெண்டு நாள் இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன். அவகிட்ட தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.

ஞாயித்துக்கிழமை. நாளைக்கு இன்னும் ஏறுதாம்னு போன்ல வந்ததால, இன்னைக்கே வாங்கிடலாம்னு கடையில பத்து பேர். அந்த ரிட்டயர்டு சாரும் இருந்தார். தேவகி வழக்கம்போல ஓரமா நின்னு அட்டையைத் தட்டிட்டு இருந்தா. அதுல ஒரு கீறலை எடுத்து டப்பாவுல போட்டா பாருங்க, எனக்கு எங்கேர்ந்துதான் அப்படி ஒரு கோபம் வந்துதோ. "நகத்தால கீறிட்டுப் பாதி விலைக்கு எடுத்துக்கறியா? காட்டு உன் நகத்தை!"ன்னு கத்திட்டேன். "ஆமாம்மா, நானும் பாத்தேன், அந்தப் பொண்ணுதான் எப்பவும் அட்டையை நோண்டிட்டே இருக்கும்"னு சாரும் எடுத்துக் குடுத்தார்.

தேவகி பத்து விரலையும் கல்லா மேல விரிச்சு வெச்சா. பாத்ரூம் ஆசிட்டுல வெந்து, விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்தது. நகம் சதையோட சதையா தேஞ்சிருந்தது. அந்த நகத்தால வாழைப்பழத்தைக்கூடக் கீற முடியாது. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, தப்புப் பண்ணிட்டேன்னு. ஆனா பத்து பேரு பாக்கறாங்களே! வாயை மூடிக்கிட்டு அடுத்த ஆளுக்கு முட்டை எடுத்துப் போட ஆரம்பிச்சுட்டேன். அவளுக்குன்னு மறைச்சு வெச்சிருந்த ரெண்டு கீறலை அவ பக்கம் தள்ளினேன், அவ தொடல.

"பாத்துட்டீங்களாக்கா? அப்போ நான் கைய எடுத்துக்கலாமா?"

சேதாரம்

அதுக்கப்புறம் அவ வரல. அவ வராத நாள்லயும் கீறல் மட்டும் கம்மியே ஆகல. பன்னெண்டு, பதினாலு. ஒவ்வொண்ணா டப்பாவுல போடும்போதெல்லாம் என் கன்னத்துல நானே அறைஞ்சுக்கற மாதிரி இருந்தது.

ஒரு புதன்கிழமை கல்லாவுக்குக் கீழ உக்காந்து சணலைத் தேடிட்டு இருந்தேன். கடையில ஈ, காக்கா இல்ல. கார் கதவு சத்தம் கேட்டுது. அப்புறம் டக், டக், டக், டக்குன்னு நாலு தரம். மெதுவா தலையைத் தூக்கிப் பாக்கறேன், ரிட்டயர்டு சார்! விரல்ல பட்டாணி அளவு பவளக்கல் வெச்ச மோதிரம். அந்தக் கல்லால என் முதல் அட்டையில இருக்கற முட்டையை ஒவ்வொண்ணா தட்டி, தட்டினதை எடுத்து அவரே டப்பாவுல அடுக்கறார். அப்புறம் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "ஏம்மா, கீறல் நாலு இருக்கு போல, போட்டுக் குடு"ன்னு குரல் குடுக்கறார்!

பதினாலு வருஷமா சார் சார்னு கூப்பிட்ட வாயால அன்னைக்கு என்னென்ன வந்துச்சோ எனக்கே தெரியாது. நாலு ரூபாவுக்காக ஒரு ஏழைப் பொண்ணு தலையில பழியைப் போட்டியே, நீயெல்லாம் மனுஷனான்னு கேட்டேன். நாலு முட்டையையும் அவர் கையில திணிச்சு முழு விலை வாங்கினேன். காசைக் குடுக்கும்போது ஒரு வெக்கம், ஒரு கூச்சம்? ம்ஹூம்!

"நகைக்கடையில சேதாரம்னு போடறான், பேசாம குடுக்கறோம் இல்ல? வியாபாரம்னா இதெல்லாம் இருக்கும்மா. இதுக்குப் போய் கத்தறியே!"

ரெண்டு முட்டை

அன்னைக்கு மத்தியானமே கடையைச் சாத்திட்டு, ஒரு அட்டை நல்ல முட்டையைத் தூக்கிக்கிட்டு தேவகி வீட்டுக்குப் போனேன். கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால சந்துல ஒரே ரூம். அவ வீட்டுக்காரர் கட்டில்ல படுத்திருந்தார், கால் ரெண்டும் வீங்கிக் கிடந்தது. அடுப்பு மேடையில ஒரே ஒரு முட்டை இருந்தது. முக்குக் கடையில முழு விலைக்கு வாங்கறாளாம். ரெண்டு கட்டுப்படி ஆகல, தினம் ஒண்ணுதான் தர்றாளாம். மோதிரக் கதையைச் சொல்லி, "தேவகி, தப்பு என் மேலதான், என்னை மன்னிச்சிடு. இதை வெச்சுக்கோ, நாளையிலேர்ந்து பழையபடி கடைக்கு வா"ன்னு கையைப் பிடிச்சுக் கேட்டேன்.

அவ அழல, திட்டவும் இல்ல. எனக்கு டீ போட்டுக் குடுத்தா. நான் குடிச்சு முடிச்சதும் அட்டையிலேர்ந்து ஒரே ஒரு முட்டையை எடுத்து மேடையில இருந்த முட்டை பக்கத்துல வெச்சா. எட்டு ரூபாவை என் கையில வெச்சு மூடினா. வேணாம்னு எவ்வளவோ சொன்னேன். மீதி அட்டையைத் தூக்கி என் கையிலேயே குடுத்துட்டு வாசல் வரைக்கும் கூட வந்தா.

"அன்னிக்கு பத்து பேரு முன்னால திருடின்னீங்க, இன்னிக்கு யாருமே இல்லாதப்ப வந்து மன்னிச்சிடுன்றீங்க. அந்தப் பத்து பேரும் நிக்கறப்ப இதையே சொல்லுங்கக்கா, நான் வரேன்."

சொல்றதுக்கு நான் தயாராத்தான் இருக்கேன், ஆனா முட்டை விக்கற விலைக்கு அந்தப் பத்து பேரையும் ஒரே நேரத்துல கடைக்கு வரவழைக்கறது எப்படின்னு, இந்தத் தொழில்ல இருக்கற யாருக்காவது தெரிஞ்சா கொஞ்சம் சொல்லுங்க.