காலியாக இறங்கிய வண்டி

சாமுவேல் போய்விட்டார் என்பதை அவருடைய மனைவி மேரி அம்மாதான் சொன்னார். போன வாரம் ஒரு காலை, சேலத்தில் நான் நிருபராக இருக்கும் செய்தித்தாளைப் பிரித்தபோது அலைபேசி அடித்தது. "காப்பி குடிச்சாருங்க, டம்ளரக் கீழ வெச்சாருங்க, அவ்வளவுதானுங்க. நாளைக்கு மத்தியானம் அடக்கம். எட்டரை பஸ்ஸப் புடிச்சீங்கன்னா சரியா இருக்கும்." டைம்கீப்பர் வீட்டிலிருந்து வரும் துக்கச் செய்தியில்கூட பஸ் நேரம் இருந்தது.

ஏற்காடு பஸ் நிலையத்தில் காக்கிச் சட்டையோடு, பஸ்களை நேரம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்த அவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய இங்கிலாந்து ரயில் பெட்டிகளை அவர் ஆராய்ந்துவந்தது சிலருக்கே தெரியும். எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது குப்பையில் கிடந்த ஒரு புத்தகத்தில் அது தொடங்கியது. எந்த ரயிலில் எந்தப் பெட்டிகள், எந்த வரிசையில், எங்கே கழற்றி எதில் மாட்டுவது என்று அந்நாட்டு ரயில்வே தன் ஊழியர்களுக்காக அச்சிட்டிருந்த புத்தகம். "பொரட்டிப் பாத்தனுங்க, அப்பிடியே நம்ம வேலை" என்றார் என்னிடம்.

ஒருமுறை பழைய ரயில் படம் ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கதவுகளை எண்ணினார். "அறைக்கு ஒரு கதவு. உள்ள நடக்க வழியே இல்லீங்க. ஒண்ணுக்கு வந்தா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் பல்லக் கடிச்சுக்கோணும். வெள்ளைக்காரன் பாடும் நொம்பச் சிரமந்தானுங்க."

அவருடைய ஆராய்ச்சி ஒரே கேள்வியின் மேல் நின்றது: "ராத்திரி வண்டி எங்கீங்க நிக்குது?" மலைக் கிராமமான மாரமங்கலத்தில் கடைசி பஸ் இரவு தங்கினால்தான் விடிகாலை முதல் பஸ் அங்கிருந்து கிளம்ப முடியும். ரயில் பெட்டியும் அப்படித்தான் என்பார்.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் லண்டனில் இருக்கும் ரயில் ஆர்வலர் குழு ஒன்று தொகுத்துவந்த பழைய ரயில்களின் பட்டியலில் பிழை இருப்பதாகச் சொன்னார். கோடைச் சனிக்கிழமையில் லண்டனிலிருந்து கடற்கரை ஊருக்கு எட்டுப் பெட்டிகளோடு ஒரு ரயில் போனதாகப் பட்டியல் சொன்னது. அந்த எட்டும் வேறொரு ரயிலுக்காக ஞாயிறு காலை லண்டனில் இருந்தாக வேண்டும். ஆனால் அன்றைய பயணிகள் கால அட்டவணையில் திரும்பி வரும் ரயிலே இல்லை. ஆகவே அந்த ரயிலே ஓடியிருக்காது என்று எழுதினார். குழுவும் ஏற்றுக்கொண்டு, அச்சாகவிருந்த பட்டியலிலிருந்து அதை நீக்க முடிவு செய்தது. நான் பெரிய எழுத்தில் செய்தி போட்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா வாரத்தில் மேரி அம்மாவுக்கு அதை அவர் பெருமையாக விளக்கியிருக்கிறார். மேரி அம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாராம். "ஏனுங்க, திருழாவுக்கு ஆள ஏத்தியாந்த ஸ்பெஷல் பஸ்ஸெல்லாம் காலியா மலையெறங்குது பாருங்க. அது எந்த போர்டுல எழுதியிருக்குது? முப்பது வருசம் நீங்கதான அனுப்பி வெச்சீங்க?"

மறுநாள் சாமுவேல் முதல் பஸ்ஸில் மலையிறங்கி என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கையில் என் செய்தி.

"நான் சொன்னது தப்புங்க ரிப்போர்ட்டர். வண்டி காலியாத் திரும்பியிருக்குது. பயணிக ஏறாத வண்டிய அட்டவணையில எதுக்குப் போடறான்? திருத்தம் போடுங்க."

"யாருங்க கவனிக்கப் போறாங்க?"

"நான் கவனிச்சுட்டனுங்களே."

லண்டனுக்கு எழுதத்தான் அவருக்குத் தயக்கம். பல வருடக் கடிதப் பழக்கம். இனி தன் பேச்சை நம்பமாட்டார்கள் என்று பயந்தார். என் மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எழுதி, கிழித்து, மறுபடி எழுதி அனுப்பினார். எங்கள் திருத்தம் உள்பக்கத்தில் இரண்டு வரியாக வந்தது. "எழுத்து நொம்பச் சிறுசுங்க. ஆனா சரியா இருக்குது" என்றார்.

பதில் வந்தது. பட்டியல் இன்னும் அச்சுக்குப் போகவில்லை, எட்டுப் பெட்டிகளும் அப்படியே இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். பிழையைக் கண்டது எப்படி என்றும் கேட்டிருந்தார்கள். உள்ளதை எழுதினார். அச்சான பட்டியலில் அந்த ரயிலுக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு: 'காலியாகத் திரும்பியது. நன்றி: திருமதி மேரி, ஏற்காடு.' வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டுவார். "என்ற பேரு எங்கயும் இல்லீங்க. இவ பேருதான் லண்டன்ல இருக்குது." மேரி அம்மா அடுப்படியிலிருந்து, "போதுமுங்க, பால் பொங்குது" என்பார்.

எட்டரை பஸ்ஸுக்குத் தேவை வரவில்லை. அவருடன் வேலை பார்த்தவர்கள் சேலத்திலிருந்தே தனி பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள், நின்றுகொண்டுதான் மலையேறினேன். எங்களைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டதால் பஸ் உடனே திரும்பியது. மேரி அம்மா அழுகைக்கு நடுவிலும் அதைப் பார்த்தார்.

"காலியாப் போகுதுங்க ரிப்போர்ட்டர். குறிச்சுக்கோங்க. அவரு கேப்பாரு."

குறித்துக்கொண்டேன். வந்ததை எழுதினால் திரும்பிப் போனதையும் கேட்டு எழுதுகிற இந்தப் பழக்கம் எனக்குச் சாமுவேலிடமிருந்து வந்தது. என் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. சேலத்திலிருந்து தனி பஸ், உட்கார இடமில்லை. ஏற்காட்டிலிருந்து அதே பஸ், ஓட்டுநரும் நடத்துநரும் மட்டும்.