ஊருக்குள் வருகிற பஸ்

எங்கள் பத்தமடைக்கு வெளியே வயல் வரப்புகளில் ஒரு நாள் காலையில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கற்கள் வரிசையாக நின்றன. யாரோ சாமிக்கு நட்ட கல் என்று நினைத்து ஒரு கல்லுக்கு மஞ்சள்கூடப் பூசிவிட்டார்கள். அளவெடுக்க வந்தவர்கள் நட்ட கற்கள் அவை என்பது பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் பக்கம் போகிற வண்டிகள் வழியில் எந்த ஊருக்குள்ளும் நுழையாமல், வயலையும் வாய்க்காலையும் வெட்டிக்கொண்டு நேராகப் போக ஓர் அகல ரோடு வரப்போகிறதாம். தொண்ணூறுகளில் பைபாஸ் என்ற சொல் எல்லோர் வாயிலும் இனித்துக்கொண்டிருந்தது. இனி ஊரே மாறிவிடும் என்று கடைவீதியில் டீ குடித்தபடி பேசிக்கொண்டார்கள். மாறும்தான். லாரி வெளியே போகும், அதன் பின்னாலேயே பஸ்ஸும் வெளியே போய்விடும் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது. பாளையங்கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள். ஊருக்கு வெளியே ரோடு போட்ட இடங்களில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருந்தேன். "ஊருக்குள்ள போகாது, எல்லாரும் இங்கனயே இறங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். கைப்பிள்ளைக்காரியும் கண் தெரியாத பெரியவரும் பொட்டல் வெயிலில் நிற்பார்கள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் கத்துவதை எல்லாம் பொறுமையாகக் கேட்கிறவள், எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வந்த பிறகும் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே.

அடுத்த வீட்டு மைனி பாய் நெய்கிறவர். அவர் வீட்டுக்காரருக்கு வளைகுடாவில் ஒரு கடையில் வேலை. நான் அவரை அண்ணன் என்பேன். அவர்கள் மகள்தான் எங்கள் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். பாளையங்கோட்டையில் கணக்கு எடுத்துப் படித்தாள். என்னோடுதான் பஸ் ஏறுவாள், ஜன்னல் ஓரத்துக்கு என்னோடுதான் சண்டையும் போடுவாள். அவளைப் படிக்க அனுப்பும்போது அவள் வாப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பஸ் தெரு முனையில் நிற்க வேண்டும், பிள்ளை ஏறுவதையும் இறங்குவதையும் உம்மா வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

புது ரோட்டுச் செய்தி கடல் தாண்டிப் போக எத்தனை நேரம் ஆகும்? அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்.டி.டி. பூத்தில் அண்ணனோடு பேசிவிட்டு வந்த மைனியின் முகம் செத்துப்போயிருந்தது.

"பஸ்ஸு வெளிய போச்சுன்னா படிப்பு நின்னுரும்னுட்டாவ. அந்த வயக்காட்டுக்குள்ள இருட்டுல பொம்பளப்புள்ள எப்படி நடந்து வரும்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் மேல் பாதி, ரோட்டின் மேல் பாதி. எங்கோ மேசையில் உட்கார்ந்து ஒருவர் ஸ்கேல் வைத்துக் கோடு கிழிக்கிறார், இங்கே ஒரு பெண்ணின் படிப்பு நிற்கப் போகிறது!

ரோட்டுக்கு எதிராக அதற்குள் ஒரு குழு கூடியிருந்தது. தலைவர் எங்கள் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சி. பஸ் போய்விட்டால் எல்லோரும் சைக்கிள் எடுக்க அவர் கடைக்குத்தான் வருவார்கள், இவர் எதற்குப் போராடுகிறார் என்று கேலி செய்தார்கள். "ஏலே, எம் பொண்டாட்டி என்ன சைக்கிள்லயா ஆஸ்பத்திரிக்குப் போவா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். பழைய ரோட்டைச் செப்பனிடு, கூடுதல் பஸ் விடு, ரயிலை நேரத்துக்கு ஓட்டு, வயலை வெட்டாதே: குழுவின் கோரிக்கைகள் இவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஷிப்ட் முடிந்து வரும்போது நோட்டீஸ் கட்டை வாங்கி பஸ்ஸிலேயே கொடுத்துக்கொண்டு வருவேன்.

குறையெல்லாம் அவர்கள் போராடிய விதத்தில்தான். எங்கள் பக்கத்தில் கோபம் வந்தால் பஸ்ஸை மறிப்பார்கள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, பஸ்ஸை மறி. ரேஷனில் சீனி இல்லையா, பஸ்ஸை மறி. அந்தப் பழக்கத்தில் பஸ் வேண்டும் என்பதற்கும் பஸ்ஸையே மறிப்பது என்று குழு முடிவு செய்தது. காலேஜ் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிற எங்கள் பஸ் போன பிறகு, அடுத்த பஸ்ஸை மறிப்பதாக ஏற்பாடு. மைனியும் மறியலுக்குப் போக இருந்தார். அன்று காலையில் எங்களைத் தெரு முனையில் விட்டுவிட்டு, "பஸ்ஸு இப்ப வந்துரும், பாத்துப் போங்க" என்று கடைவீதிப் பக்கம் ஓட்டமாக ஓடினார்.

பஸ் வரவில்லை. சேரன்மகாதேவியில் டயர் பஞ்சர். அது ஆடி அசைந்து வந்து எங்களை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குள் திரும்பியபோது நடு ரோட்டில் பாயை விரித்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மறியலுக்கும் பாய் இல்லாமல் உட்கார மாட்டார்கள். எங்கள் பஸ் எப்போதோ போய்விட்டது, இது அடுத்த பஸ் என்று நினைத்து எழுந்து நின்று கோஷம் போட்டார்கள். என் பக்கத்தில் இருந்த மைனி மகள் வாய்விட்டு அழுதுவிட்டாள். அன்று அவளுக்குப் பரீட்சை.

நான் இறங்கினேன்.

"அண்ணாச்சி, எதுக்கு இந்தக் கூத்து?"

"பஸ்ஸு ஊருக்குள்ள வரணும்லா? அதுக்குத்தான்."

"அதான் வந்து நிக்குல்லா! வந்த பஸ்ஸ மறிச்சிக்கிட்டு பஸ்ஸு வேணும் பஸ்ஸு வேணும்னு கத்துதிய. பாக்கவன் சிரிக்க மாட்டானா?"

"மறியல்னா பின்ன எதத்தான் மறிக்கச் சொல்லுத? ஆத்தையா போயி மறிக்க?"

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. முன்வரிசையில் கையை உயர்த்தி நின்ற மைனியைப் பார்த்து, "மைனி, அந்த ஜன்னல்ல யாரு இருக்கான்னு பாருங்க" என்றேன்.

மைனி பார்த்தார். உயர்த்திய கை அப்படியே நின்றது. அடுத்த நிமிடம் காலடியில் கிடந்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏ, எந்திரிங்க எல்லாரும்! எம் புள்ளைக்குப் பரீட்ச!" என்று போட்டாரே ஒரு சத்தம், போலீஸ்காரர் வந்து எழுப்பியிருந்தால்கூட அவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டார்கள்.

அண்ணாச்சிதான் விழித்தார். ஆள் சேர்த்தாயிற்று, தட்டி எழுதியாயிற்று, இனி இத்தனை பேரும் சும்மா வீட்டுக்குப் போவதா? அன்று திங்கள்கிழமை, கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். "எல்லாரும் பஸ்ஸுல ஏறுங்க, நேர்லயே போயிக் கேப்போம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. பஸ் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் வாயில் வந்தது. ஏறினார்கள். தட்டியும் பாயுமாகப் படிக்கட்டு வரைக்கும் கூட்டம்.

"போராட்டத்துக்கெல்லாம் ஓசி கிடையாது வே, டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர்.

"எடுப்போம் வே. எங்க பஸ்ஸு, நாங்க எடுக்காம?" என்றார் அண்ணாச்சி. அதுவரை அவர் பேசிய எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

மேலப்பாளையத்தில் பீடித் தட்டோடு ஏறிய பெண்கள் என்ன விஷயம் என்று கேட்டார்கள். மைனி நின்றபடியே விளக்கினார். எங்களுக்கும் இந்த பஸ்தானே என்று அவர்களில் சிலர் கொக்கிரகுளத்தில் எங்கள் கூட்டத்தோடு இறங்கி கலெக்டர் ஆபீஸுக்குள் நுழைந்தார்கள். நானும் மைனி மகளும் பாளை பஸ்ஸைப் பிடித்து ஓடினோம். மணி அடித்த பிறகுதான் போனாள். நல்லவேளை, உள்ளே விட்டுவிட்டார்கள். எனக்கு சூப்பர்வைசரிடம் நல்ல அர்ச்சனை கிடைத்தது. ஹெட்போனில் கேட்கிற சத்தம்தானே என்று கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மறியல் செய்யவேயில்லை. திங்கள்தோறும் பஸ் நிறைய ஆள் ஏறிப் போய் இறங்குவோம். மறித்தால் ஒரு நாள் பேச்சு. ஒரு பஸ் கூட்டம் வாராவாரம் வந்து வராந்தாவில் பாய் விரித்தால் அந்த ஆபீஸே பேசும். பியூன் எங்களைக் கண்டதும் ஃபேனைப் போட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார். பைபாஸ் வந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்த கடைக்காரர்களிடம், பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் இல்லாவிட்டால் உங்கள் பழத்தை யார் வாங்குவது என்று கேட்டோம். அவர்களும் வந்தார்கள். நாங்கள் ஜெயிப்போம் என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. என் பயமெல்லாம், அதுவரைக்கும் அந்தப் பிள்ளையின் படிப்பு தாங்குமா என்பதுதான்.

அண்ணன் லீவில் வந்தார். வந்த மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் புது ரோடு வருகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். வெளிநாட்டு ஷூவோடு முழங்கால் வரைக்கும் சேறு. நான் அப்போது மைனி வீட்டில் இருந்தேன். அவர் கால் கழுவி முடிக்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பெண்களும் வாசலிலேயே நின்றோம்.

"எனக்கே பயமா இருந்துச்சு" என்றார்.

மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நாளைக்குத் திங்கக்கிழமைல்லா? நானும் வாரேன்" என்றார் அண்ணன்.

மறுநாள் மனு வாங்கிய அதிகாரி, தன்மையாகத்தான், "உங்க ஊருக்கு வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்டார். அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். ஆனால் அண்ணன் முந்திக்கொண்டார். "வேணும் சார். எம் மவ காலேஜுல படிக்கா. எங்க வீட்டுல வளர்ச்சின்னா அதுதான். அது இந்த பஸ்ஸுலதான் போயிட்டு வருது." அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், எங்கள் மனுவை வாங்கித் தனியாக வைத்தார்.

அந்த ரோடு வரவில்லை. பழைய ரோட்டுக்குத் தார் போட்டார்கள், சாயங்காலம் ஒரு பஸ்ஸும் கூடுதலாக விட்டார்கள். பணம் இல்லாததால் திட்டத்தைக் கைவிட்டார்கள் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் அதெல்லாம் தெரியவர ரொம்ப நாள் ஆயிற்று. அதற்கு வெகு முன்பே அண்ணனின் லீவு முடிந்துவிட்டது. கார் பிடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, பெட்டியோடு எங்கள் கூடவே தெரு முனையில் வந்து நின்றார். பஸ் வருவது தெரிந்ததும் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்க பாரு. பஸ்ஸு ஊருக்குள்ள வந்தாலும் வராட்டாலும் நீ போவணும். வெளியதான் நிப்பாட்டுவோம்னு சொன்னாவன்னா, உம்மா வரட்டும், இந்த அக்கா வரட்டும், தெருவே கூட நடக்கட்டும். நீ நிக்கக் கூடாது."

அவள் வாப்பாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினாள். நான் அத்தனை பேர் முன்னால் அழுதேன், வெட்கமே இல்லை. ரோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.