தேசிமரத்தடிக் கண்ணி

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று ஐம்பதுக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி குசினியில் நின்றேன், அதனால் நேரம் தெரியும். மகள் கவினி பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம். பதின்மூன்று வயது. பின்பக்கக் கேற் திறந்த சத்தம் கேட்டது. கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தேன். தேசிமரத்தடியில், எங்கள் எலுமிச்சைக்குக் கீழே, முழங்காலில் இருந்தாள். கைக்குள் ஒரு மணிப்புறா. அதன் காலில் தங்கூசி, அதுதான் மீன் பிடிக்கிற நைலோன் நரம்பு, இறுகிக் கிடந்தது. கால் கறுத்துப்போயிருந்தது.

அந்தக் கண்ணியை வைத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடிய, வன்னியில் நாங்கள் பறவை பிடித்த கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சும்மா சொல்லாதேங்கோ அப்பா" என்று சிரித்தாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் வருகிற ரோசம் நல்லதில்லை. நரம்பை வெட்டிச் சுருக்குகள் போட்டேன், தடிகளில் கட்டினேன், வெட்டாத புல்லுக்குள் ஊன்றி அரிசியும் தூவிக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து வேலையிடத்திலிருந்து போன் வந்தது. உள்ளே போனவன் போனவன்தான்.

கத்தரிக்கோலோடு கிட்டப் போனேன். "டோன்ட் டச் ஹர்" என்றாள். கத்தரிக்கோலை வாங்கித் தானே நரம்பை வெட்டினாள். ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் புறாவை வைத்துக்கொண்டு கேற்றால் போய்விட்டாள். பின்னால் ஓடினேன். தெருமுனையில் ஆளைக் காணவில்லை. அவளுடைய போன் பைக்குள், பை புல்லில்.

காரை எடுத்து, சிட்னியில் நாங்கள் இருக்கிற நார்த்மீட் முழுக்கச் சுற்றினேன். பார்க், பஸ் தரிப்பிடம், சிநேகிதி வீடு. மனைவிக்குப் போன் அடித்தேன். "வீட்டிலை நில்லுங்கோ. பிள்ளை வந்தால் ஒருத்தராவது நிக்கோணும்" என்றாள். திரும்பி வந்து மரத்தடியில் கதிரையைப் போட்டு இருந்தேன். வெட்டுண்ட நரம்பு கைக்குள்.

தேசியிலையைக் கசக்கியபடி இருந்திருக்கிறேன் போல. அந்த மணத்தோடு ஜெயம் நினைவில் வந்தான். என் மாமி மகன், என் வயதுக்காரன். எங்களிடம் அப்போது நரம்பு இல்லை, மாட்டு வால்மயிர்தான். மயிர் பிடுங்குவது அவன், உதை வாங்குவது நான். சண்டையால் பாதை பூட்டி, சாமான் ஒன்றும் வராத காலம். இறைச்சி என்றால் பற்றைக்காட்டுக் கவுதாரி, காடை, புறா. பனையோலை நெருப்பில் சிறகு பொசுங்கும் மணம், அதன் மேல் மஞ்சளும் தேசிப்புளியும். ஒரு புறாவில் என்ன இருக்கும், சொல்லுங்கள்? ஏழு பேர் எலும்பைச் சூப்பினோம்.

பன்னிரண்டு கண்ணி வைப்போம். ஒருநாள் மழைக்குப் பயந்து பதினொன்றோடு ஓடிவந்துவிட்டோம். மூன்றாம் நாள்தான் மற்றதைக் கண்டோம். முள்ளுக்குக் கீழே ஒரு புறா, எறும்பு மொய்த்து. சுற்றிச் சுற்றி இழுத்திருக்கிறது, மண் வட்டமாகக் கீறுப்பட்டிருந்தது. அதை அம்மாவிடம் ஏன் கொண்டுபோய்க் காட்டினோம் என்று இப்போதும் தெரியவில்லை. அடிப்பா என்று நினைத்தோம். அடிக்கவில்லை.

"மற்றதெல்லாம் எங்கடை வயித்துக்கு. இது ஆருக்கடா?"

அதற்குப் பிறகு வைக்கும்போதும் எடுக்கும்போதும் ஜெயம் உரத்து எண்ணுவான். நான் எட்டு என்றால், "ஒம்பதடா மச்சான், மொக்கு" என்பான். இதையும் ஞாயிற்றுக்கிழமை கவினிக்குச் சொன்னேன். சொல்லி அரை மணித்தியாலத்தில்தான் அந்தப் போன்.

அந்தப் பற்றைக்குள் பிறகு ஒருவரும் கால் வைக்கவில்லை. மிதிவெடி. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் வருடக்கணக்கில் நின்றன. இப்போது வெட்டித் துப்புரவாக்கி வரிசையாக வீடுகளாம். கவுதாரி கத்திக் கேட்டு எத்தனையோ வருடம் என்று தங்கச்சி போனில் சொன்னாள். ஜெயமும் இல்லை. யுத்தத்தின் கடைசி மாதங்களில் எங்கே விழுந்தான் என்று கண்டவரில்லை. மணிப்புறா மட்டும் இங்கேயும் இருக்கிறது, அதே குரலில். சிட்னிக்கு வந்த முதல் கிழமை அதைக் கேட்டுக்கொண்டு நின்று பஸ்ஸைத் தவறவிட்டவன் நான்.

ஆறே காலுக்குக் கேற் திறந்தது. கவினி. பெட்டி வெறுமையாக இருந்தது.

கடைத்தெருவில் இருக்கிற மிருக வைத்தியரிடம் நடந்தே போயிருக்கிறாள். கால் முற்றாகப் போய்விட்டதாம். "அண்ட் தே ஆர் நொட் நேட்டிவ். இந்த நாட்டுப் பறவை இல்லையாம், சுகமானாலும் வெளியிலை விட மாட்டினமாம்" என்றாள். ஊசி போட்டிருக்கிறார்கள். உயிர் அடங்கும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையிலிருந்த நரம்பைப் பார்த்தாள்.

"எத்தனை வச்சனீங்கள்?"

இவ்வளவு நேரம் அந்த மரத்தடியிலேயே இருந்திருக்கிறேன். எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது என் மூளைக்கு எட்டவேயில்லை.

"மூண்டு."

பெட்டியை நிலத்தில் வைத்தாள்.

"அப்ப இன்னும் ரெண்டு கிடக்கு. எழும்புங்கோ அப்பா."