ஸ்டெல்லா மேடம் விரித்த வைக்கோல் தாள்

அன்று காலை அச்சரப்பாக்கம் உரக்கடையில் உட்கார்ந்து, நான் இல்லாவிட்டால் இந்த வட்டாரத்தில் தர்பூசணியே காய்க்காது என்று நாலு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக ஜீப் ஓட்டும் செல்வத்திடமிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா மேடம் விடியற்காலையில் இறந்துவிட்டாராம். என் வாய் ஓய்ந்ததைக் கடைக்காரர் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்திருப்பார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், மேடத்தோடு வேலை செய்த உங்களுக்கு அவர் ஆராய்ச்சி தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நானே விட்டுவிட்டேன், அதற்குமேல் அங்கே எனக்குக் கற்றுத்தர ஆள் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். களை வராமல் இருக்க பாத்தி மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கிறோம். அறுப்பு முடிந்ததும் அது கிழிந்து மண்ணிலேயே கிடக்கும், மாடு தின்னும். மேடம் வைக்கோலைக் கூழாக்கி, நெம்மேலிக் கரையில் ஒதுங்கும் கடற்பாசியைக் காய்ச்சி ஊற்றி, ஒரு தாள் செய்தார். மண்ணிலேயே மக்கிவிடும். அதைச் சோதிக்க ஜில்லா முழுக்கத் தேடி, கடைசியில் என் நிலத்துக்குத்தான் வந்தார்.

புதுப்பட்டினத்துப் பெண். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். மேடம் என்னைவிட இருபது வயது சின்னவர். நான் மேடம் என்பேன், அவர் அண்ணாத்த என்பார். பார்க்க வந்தவர்களிடம் ஒருமுறை, தாள் விரித்த பிறகு மண்புழு என் மணிக்கட்டு கனத்துக்கு எழும்பி நிற்கிறது என்றேன். மேடம் மெதுவாக, "வெரல் கனந்தான் அண்ணாத்த. அதுவே நமக்குப் போதும்" என்றார்.

நிலத்தில் மூன்று பாத்தி. ஒன்றில் பிளாஸ்டிக், ஒன்றில் மேடத்தின் தாள், ஒன்று வெறும் மண். மூன்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே உரம் என்று ஆயிரம் முறை சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. நம்ம மேடம் தோற்கலாமா? தாள் பாத்திக்கு மட்டும் அவருக்குத் தெரியாமல் யூரியா போட்டேன். காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை மாதிரி கிடந்தது. பல்கலைக்கழகப் பெரியவர்கள் பார்க்க வந்தபோது பெருமை தாங்காமல் நானே அதை மேடத்தின் காதில் சொல்லிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு மேடம் வரப்பில் உட்கார்ந்து, அந்தப் பருவம் நோட்டில் எழுதிய பக்கம் எல்லாவற்றிலும் குறுக்கே கோடு போட்டார். யாருக்குத் தெரியப்போகிறது, விடுங்கள் என்றேன்.

"அடுத்த வருசம் இல்லாதப்பட்டவன் ஒருத்தன் இத்த நம்பி விரிப்பான். அவன் கொல்லைக்கும் நீங்க போய் யூரியா போடுவீங்களா?" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் கவனக்குறைவு என்றே எழுதிக்கொடுத்தார். ஒரு வருஷ உழைப்பு என்னால் போனது. அந்த வருஷம் அவரிடம் மிச்சம் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

மறுபருவம் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தார். வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. மோட்டார் கொட்டகையில் நாற்காலி போட்டால், நடுவில் நடுவில் கண்ணை மூடிக்கொள்வார். அறுப்பு வரைக்கும் இருந்துவிட வேண்டும் என்று ஒருநாள் சொன்னார். இன்னும் எத்தனையோ அறுப்பு பார்க்கப்போறீங்க என்று அதட்டினேன். சிரித்தார். அறுப்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார்.

காய் யாருக்காகவும் காத்திருக்காது. என் வீட்டுக்காரி எடை மெஷினைப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். தாள் பாத்தி பிளாஸ்டிக்கைவிடக் குறைவாக வந்தது. நிறைய இல்லை, கொஞ்சம்தான். மறுபடி எடை போட்டோம். அதேதான்.

"ரெண்டு மூணு கிலோ கூட்டிப் போடேன். பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் வீட்டுக்காரி.

பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மெஷின் காட்டியதை எழுதினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் குறைந்த எடை ஒன்றுதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்கிறேன். அதைக் கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வருகிறது.