பட்டறைக்குள் ஒரு சூடு

ராசிபுரம் பக்கம் ஒரு வெங்காயக் காட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெயர் கேட்கக் கூச்சமாக இருந்தது. கப்பலுக்குப் போக வேண்டிய சின்ன வெங்காயத்தை ஏற்ற என் மினி லாரியோடு போயிருந்தேன். வண்டியை நிறுத்துவதற்குள் வியாபாரி போனில் கூப்பிட்டார். "வெங்காய ஏற்றுமதிக்குத் தடையாம். ஏத்தாதப்பா."

அந்த அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு. புருவத்தில்கூட வெங்காயச் சருகு. அறுவடை வெங்காயத்தைச் சேமித்து வைக்கும், தென்னங்கீற்று வேய்ந்த பட்டறைக்குள் முழங்கைவரை கையை விட்டு, கண்ணை மூடி நின்றார். அழுகத் தொடங்கினால் உள்ளே சுடுமாம். தடை விஷயத்தைச் சொன்னேன். பேச்சுக்கு நடுவிலும், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொடுவதுபோல் தொட்டுக்கொண்டே இருந்தார்.

"வருசம் பூராப் பட்ட பாடு இதுக்குள்ளதான் இருக்குதுங்க. பெரிய வெங்காயம் வெல ஏறுனா எங்களுத எதுக்குங்க நிறுத்தோணும்?"

"ரெண்டுக்கும் ஒரே சட்டமாமுங்க அக்கா."

"சட்டம் போட்டவங்க ஊட்டுல சமையலே இல்லீங்களாட்ட இருக்குது!" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "மலேசியாவுல எவளோ ஒருத்தி சாம்பாருக்கு இதத் தேடிக்கிட்டு நிப்பாளுங்க. பாவம்" என்றார்.

இளஞ்சிவப்புச் சருகுகள் காற்றில் எழும்பி, எங்கோ போய்க்கொண்டிருந்தன.

"நீங்களும் தொட்டுப் பாருங்க. என்ற கைய நானே நம்ப முடியலீங்க."

கையை விட்டேன். லேசாகச் சுட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரிங்க" என்றார்.

வெறும் வண்டியோடு திரும்பினேன். இன்றும் சாம்பாரில் சின்ன வெங்காயம் பல்லில் படும்போது அவர் சொன்ன 'பாவம்' நினைவுக்கு வருகிறது. தனக்காக அந்தச் சொல்லை அவர் சொல்லிக்கொள்ளவே இல்லை.