ஒற்றை வார்த்தை கேட்டவர்கள்

"ரோட்டப் பாருங்க தங்கச்சி" என்கிறாள் பாலாம்பிகை. ஸ்டியரிங்கை நெரித்துப் பிடித்திருக்கும் வங்கி உத்தியோகத்தர் பெண், கெட்டம்பேச் சந்தி தாண்டியதும், "மிஸ்ஸுக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்டுவிட்டாள். கார் பழக வருகிற பெண்கள் முதல் நாள் கிளட்சுக்குப் பயப்படுவார்கள். பயம் கொஞ்சம் தெளிந்ததும் இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பாலாம்பிகைக்கு நாற்பத்து நான்கு வயது. அகன்ற தோள், கழுத்தோடு வெட்டிய முடி. காரில் ஏறியதும் கண்ணாடியில் தொங்கும் பிள்ளையாரை வீதிப் பக்கம் திருப்பிவிடுவாள். "அவரும் பாக்கட்டும், நான் ஒருத்தியே எவ்வளவுதான் பாக்கிறது?" மடியில் உப்பும் மிளகாயும் தூவிய அம்பரெல்லாக் காய்ப் பொட்டலம் இருக்கும். ஏற்றத்தில் கார் நின்றுபோனால் திட்டமாட்டாள். "பரவால்ல, காருதானே, கோவிச்சுக்காது" என்பாள். மனிதர்களைப் பற்றி அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஓட்டப் பழக்கியவன் புருஷன் சந்திரபோஸ். லொறிச் சாரதி. அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் பசளை உரம் ஏற்றி வந்தவனை அவளாகவே விரும்பிக் கட்டிக்கொண்டாள். டெங்குக் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிற்பாடு நடந்ததைக் கேள்விப்பட்டவர்கள், அந்தக் கல்யாணம் கட்டாயத்தில்தான் நடந்திருக்கும் என்று தாங்களாகவே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அவளுக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். "அவர எனக்கு நெஜமாவே புடிச்சிருந்துச்சு. செத்த மனுசனப் பொய்யாக்கச் சொல்றாங்க."

பிற்பாடு நடந்தது ஆஸிகா. மடவளையிலிருந்து கார் பழக வந்தவள், விவாகரத்தானவள். காரைப் பின்பக்கமாக எடுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வாள். லைசன்ஸ் கிடைத்த பிறகும் அவள் வருவது நிற்கவில்லை. பிலிமத்தலாவையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து இருவரும் குடியேறினார்கள். ஆஸிகா கேக் செய்து விற்றாள். ஆஸிகா யாரென்று வீட்டுக்காரம்மா விசாரித்தபோது, "கூட இருக்கிறவங்க" என்றாள் பாலாம்பிகை. அது பொய்யில்லை என்பது அவள் கட்சி. ஆஸிகா அன்றிரவு சாப்பிடவில்லை.

கொழும்பில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த ஆஸிகாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். தனக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது என்றாள். லெஸ்பியன். இத்தனை வருஷம் தன்னைத் தானே நோயாளி என்று நினைத்திருந்தவளுக்கு அது மருந்து மாதிரி இருந்தது. பாலாம்பிகைக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஆஸிகா அவளுக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தாள். "புருஷனையும் புடிச்சிருந்த எண்டா அதுக்கும் பேர் ஈக்கிது. பைசெக்சுவல். அதயாவது சொல்லு."

பாலாம்பிகை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசுவது போலிருந்தது. "ஆம்பளைங்க ஒரு கூட்டம், பொம்பளைங்க ஒரு கூட்டம்னு நான் பாக்கலடி. அவரு ஒருத்தரு, நீ ஒருத்தி. அவ்வளவுதான். இதுக்கு எதுக்குப் பேரு?"

"பேரில்லாட்டி நான் ஒனக்கு ஆரு? நாளைக்கி ஒனக்கு ஒண்டு ஆனா, ஆஸ்பத்திரில என்ன ஆரெண்டு சொல்ற?"

  பேச்சு மாதக்கணக்கில் இழுபட்டது. "நீ பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு, கேக் தட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸிகா கொழும்புக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் அண்ணன் அழகையா வந்தார். கண்டியில் புடவைக்கடை ஒன்றில் முகாமையாளர். கதிரையில் உட்காராமலே பேசினார்.

"ஊரெல்லாம் கத. நீ அந்த மாதிரி ஆளு இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லு. மத்தத நான் பாத்துக்கிறேன்."

"சொல்லமாட்டேண்ணே."

"அப்ப அந்த மாதிரிதானா?"

"அதையும் சொல்லமாட்டேன்."

ஆஸிகா இல்லாத வீட்டில் "இல்லை" என்பது எவ்வளவு சுலபம்! ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் வீடு திரும்பக் கிடைக்கும். ஆனால் சொன்னால் அந்த மேல்மாடி வாழ்க்கை நடக்காததாகிவிடும். ஆஸிகா கேட்டதைச் சொல்லாமல் ஆஸிகாவை இழந்து, அண்ணன் கேட்டதையும் சொல்லாமல் அண்ணனையும் இழந்தாள். தைரியசாலி என்று அவளைச் சொல்ல இரண்டு பக்கத்திலும் ஆளில்லை. அவளும் அப்படி நினைப்பதில்லை. "வீம்பு புடிச்சவளுன்னு எழுதிக்குங்க" என்கிறாள் என்னிடம்.

போன ஆவணியில் அழகையாவின் மகளுக்குக் கல்யாணம். அத்தைக்கு அழைப்பு இல்லை. கட்டுகஸ்தோட்டை வீதியில்தான் மண்டபம் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று காலை வகுப்பை வேறு பக்கம் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. மண்டபத்துக்கு எதிரே வாகனங்கள் தேங்கி நின்றன. வாசலில் பட்டு வேட்டியோடு நின்ற அழகையா, எல் போட் போட்ட காரைக் கண்டுவிட்டார். இறங்கி வந்து ஜன்னலில் குனிந்தார்.

"என்னா முடிவு?"

"புள்ளைக்கு என்ன கலர் சேலண்ணே?"

 பாலாம்பிகை கையிலிருந்த ஒற்றைத் தங்க வளையலைத் திருகிக் கழற்றி வெளியே நீட்டினாள்.

"நான் குடுத்தேன்னு சொல்ல வேணாம். புள்ளைக்குப் போடுங்க."

"மொதல்ல அந்த வார்த்த."

 அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. அழகையா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முன்னால் நின்ற வாகனங்கள் நகர்ந்தன. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "மிஸ், போகவா?" என்றாள் பழகுகிற பெண்.

பாலாம்பிகை தலையசைத்தாள். கையை உள்ளே இழுத்து வளையலைத் திரும்பப் போட்டாள். விரல் முட்டியில் அது இறுகி நின்றது. தோல் சிவக்கச் சிவக்க, மற்றக் கையால் அழுத்தித் தள்ளிக்கொண்டே இருந்தாள்.