தாமரையின் வெள்ளிப் பல்

கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள் உஷாராணி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை. யாரையும் எதிர்த்துப் பேசாதவள். வெள்ளிக்கிழமை கோயிலில் நான் பூ கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து நார் எடுத்துக் கொடுப்பாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

அவள் மகள் தாமரைக்கு ஐந்து வயது. கீழே கடைவாய்ப் பால்பல் இரண்டு பக்கமும் சொத்தை. வலியில் பிள்ளை சோற்றையே ஒதுக்கிவிட்டது. கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் பல் டாக்டரிடம் காட்டினாள். "பிடுங்க வேணாம்மா, கிரவுன்னு ஒரு உறை போட்டு மூடிடலாம்" என்றார் அவர்.

வீட்டில் மாமியார் கிருஷ்ணம்மாள் சிரித்தார். "பல்லு வலின்னு போனா கிரீடம் வைக்கிறாங்களா? விழப்போற பல்லுதானே, பிடுங்கிப் போடு லா."

"அது விழ இன்னும் அஞ்சு வருஷம் ஆகும் அத்தை. இப்பவே எடுத்தா பக்கத்துப் பல்லு சாஞ்சு, புதுப் பல்லுக்கு இடம் இருக்காதாம்" என்று முதல் முறையாக எதிர்த்துச் சொன்னாள் உஷாராணி.

"அப்போ வெள்ளையாப் போடு" என்றான் புருஷன் முகுந்தன். "வெள்ளி கலர்ல பார்த்தா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

"வெள்ளைக்குப் பல்லை நிறைய ராவணுமாம். எஃகு உறுதியா இருக்கும், ஒரே தடவையில முடியும். நாலு பேரா மெல்லப் போறாங்க?"

"பால் போத்தலோட தூங்க வச்சு கெடுத்தது யாரு?" என்றான் முகுந்தன்.

"நான்தான். அதான் நானே சரிபண்றேன்."

சனிக்கிழமை பிள்ளையின் இரண்டு பல்லுக்கும் எஃகு உறை போட்டுக் கூட்டிவந்தாள். பெண்பிள்ளை வாயில் இரும்பு, அபசகுனம் என்று மாமியார் முணுமுணுத்தார். அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிறோம். அதை யாரும் அபசகுனம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தாமரை கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. பாட்டி சொல்லிக் கொடுத்தாராம். உஷாராணி எல்லார் முன்னாலும் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"மூடாதே மா. அம்மா யோசிச்சுத்தான் போட்டேன்."

"கோயில்ல வந்து வாய் பேசுறியா?" என்றார் கிருஷ்ணம்மாள்.

"சாமி முன்னாடிதான் பேசுறேன் அத்தை. பொய்யில்ல."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உஷாராணி தலை குனியவில்லை. பிரசாதச் சுண்டலை இரண்டு பக்கமும் மென்று தின்ற பிள்ளை, வாயெல்லாம் பல்லாக, இன்னும் வேண்டும் என்று கையை நீட்டியது.